ராணிக்கு ஏன் பதினைந்து மாப்பிள்ளை?

கேள்வி: மூன்று ஏக்கரில் சூரியகாந்தி போடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு மார்த்தாண்டம் பக்கமிருந்து ஒரே ஒரு அடுக்குத் தேனீப் பெட்டி வாங்கி வந்தேன். அதையே பிரித்துப் பிரித்து ஆறு பெட்டி ஆக்கினேன். முதல் வருடம் பூவின் நடுவரை மணி பிடித்தது. போன ஆடியில் ஈ குறைவு. கொண்டையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பொக்கு. பெட்டியைத் திறந்து பார்த்தால் புழு அடையில் இடையிடையே அறைகள் காலியாக இருக்கின்றன. செத்த புழு இல்லை, நாற்றமும் இல்லை. ராணி இருக்கிறது, முட்டையும் வைக்கிறது. பயிற்சியில் கொடுத்த புத்தகத்தில் ராணி பதினைந்து, இருபது ஆண்களோடு சேரும் என்று போட்டிருக்கிறது. ஒரு ஆண் போதாதா? பெட்டிகளை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். இந்த ஆடிக்குள் ஏதாவது செய்ய முடியுமா?
- வாசகர், சுந்தரபாண்டியபுரம்

பதில்: விற்காதீர்கள். மாசி பிறந்திருக்கிறது, ஆடிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. நீங்கள் காலி அறையைப் பற்றி ஒரு கேள்வியும், பதினைந்து ஆணைப் பற்றி இன்னொரு கேள்வியும் கேட்டதாக நினைக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

முதலில் ராணியின் கதை. ராணித்தேனீ பெட்டிக்குள் சேர்வதில்லை. அறையை விட்டு வெளிவந்து ஐந்தாறு நாள் கழித்து, வெயிலும் காற்றும் சரியாக இருக்கும் ஒரு பிற்பகலில் வெளியே பறக்கும். பல கூட்டங்களிலிருந்து வந்த ஆண் தேனீக்கள் ஆகாயத்தில் ஓரிடத்தில் கூடிச் சுற்றிக்கொண்டிருக்கும். ராணி அங்கே போய், பறந்தபடியே ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். சேர்ந்த ஆண் அந்த நிமிடமே செத்து விழும். ஓரிரு நாள் இப்படிப் போய்வந்தால் ராணிக்கு அதோடு சரி. அன்றைக்குச் சேமித்த விந்தணுவை வயிற்றிலுள்ள ஒரு சிறு பையில் வைத்துக்கொண்டு, சாகும்வரை அதிலிருந்தே முட்டைக்குச் செலவழிக்கும்.

ராணி ஒரே ஒரு ஆணோடுதான் சேரும் என்றுதான் தேனீ வளர்ப்பவர்கள் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1940-களில்தான் சில ராணிகள் இரண்டாம் முறையும் சேர்ந்துவிட்டுத் திரும்புவதைக் கவனித்தார்கள். பிற்பாடு பணித்தேனீக்களின் டி.என்.ஏ.வை எடுத்து எத்தனை அப்பன் என்று எண்ணிப் பார்த்தபோது விஷயம் பெரிதாகிவிட்டது. இத்தாலியத் தேனீயிலும் நம் அடுக்குத் தேனீயிலும் பத்து முதல் இருபது, சில ராணிகளுக்கு அதற்கும் மேலே. பாறையிலும் ஆலமரத்திலும் தொங்கும் மலைத்தேனீ எல்லாவற்றையும் தோற்கடித்துவிட்டது: ஐம்பதைத் தாண்டி நூறு வரைக்கும் போயிருக்கிறது!

விந்தணு போதாமல் சேர்கிறதா என்றால், அதுவும் இல்லை. இத்தாலியத் தேனீயில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ராணியின் பை கொள்வது 50 முதல் 70 லட்சம் விந்தணு. ஒரே ஒரு ஆண் கொடுப்பதே கிட்டத்தட்ட ஒரு கோடி. ஒருவனே பையை நிரப்பிவிடலாம். அப்படியிருந்தும் ராணி ஒவ்வொருவனிடமும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை வெளியே தள்ளிவிடுகிறது. வெளியே பறப்பது ராணிக்கு உயிர்ப் பிரச்சினை. ஒரு கருங்குருவி, ஒரு பஞ்சுருட்டான் போதும், கூட்டமே அனாதை. அவ்வளவு ஆபத்தை ஏற்றுக்கொண்டு போகிறது என்றால், அளவுக்காகப் போகவில்லை. வகைவகையாகச் சேர்க்கப் போகிறது.

இனி உங்கள் காலி அறைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

ஆண் தேனீக்கு அப்பா கிடையாது. தாத்தா மட்டும் உண்டு. ராணி விந்தணு சேர்க்காமல் வைக்கிற முட்டை ஆணாகும், சேர்த்து வைக்கிற முட்டை பெண்ணாகும் என்று பொதுவாகச் சொல்வோம். உண்மையில் அதைத் தீர்மானிப்பது ஒரு மரபணு. அந்த மரபணுவில் பல வகை உண்டு. புரிவதற்காக நிறம் என்று வைத்துக்கொள்வோம்: சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று. தாயிடமிருந்து ஒரு நிறம், தகப்பனிடமிருந்து வேறொரு நிறம், ஆக இரண்டு வேறு நிறம் சேர்ந்தால் பெண். தாயின் ஒரு நிறம் மட்டும் இருந்தால் ஆண். தாயும் தகப்பனும் ஒரே நிறத்தைக் கொடுத்துவிட்டால்? இரண்டு சிவப்பு. அந்த முட்டை பெண்ணாக வேண்டியது, ஆணாகப் பொரிந்துவிடும். அந்த ஆண் எதற்கும் உதவாது. பணித்தேனீக்களுக்கு அது வாசனையிலேயே தெரிந்துவிடும். பொரிந்த ஓரிரு நாளிலேயே அந்தப் புழுவைத் தின்று அறையைச் சுத்தம் செய்துவிடும். செத்த புழுவும் இல்லை, நாற்றமும் இல்லை, காலி அறை மட்டும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, இந்தக் கணக்கோடு அது பொருந்திப்போகிறது.

ராணி ஒரே ஆணோடு சேர்ந்து, அவன் நிறம் ராணியின் நிறத்தில் ஒன்றாக அமைந்துவிட்டால், பணித்தேனீயாக வேண்டிய முட்டைகளில் பாதி போச்சு. கூட்டம் எழுந்திருக்கவே முடியாது. பதினைந்து ஆணோடு சேர்ந்து அதில் ஒருவன் மட்டும் அதே நிறம் என்றால், நூற்றுக்கு மூன்று நாலு அறைதான் காலியாகும். அது வெளியே தெரியக்கூடத் தெரியாது. பல பேரோடு சேர்வதில் ராணிக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு இதுதான்.

அப்படியானால் உங்கள் ராணிகளும் பல ஆண்களோடு சேர்ந்துதானே இருக்கும், ஏன் இந்த நிலை என்று கேட்பீர்கள். ஆண் பதினைந்துதான். ஆனால் பதினைந்தும் எந்த வீட்டுப் பிள்ளைகள்? நீங்கள் வாங்கியது ஒரு கூட்டம். ஆறு பெட்டியும் அதன் வாரிசு. புது ராணி பறக்கும்போது ஆகாயத்தில் இருப்பதெல்லாம் அதன் கூடப்பிறந்த அண்ணன் தம்பிகள். தாய் ராணி சிவப்பு-பச்சை என்றால் அதன் ஆண் பிள்ளைகளில் பாதி சிவப்பு, பாதி பச்சை. மகள் ராணிக்குத் தாயிடமிருந்து சிவப்பு வந்திருந்தால், அண்ணன் தம்பிகளில் பாதிப் பேர் அதே சிவப்பு. அவர்களுக்குப் பிறப்பதில் பாதி வீண். பாதியில் பாதி, அதாவது நாலில் ஒரு அறை காலி. பதினைந்து என்ன, ஐம்பது அண்ணன் தம்பிகளோடு சேர்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அந்த மகளின் பெட்டியைப் பிரித்துப் பேத்தி ராணி வந்தாலும் நிலைமை தேறாது.

ஆட்டுக் கிடாவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம்; ஒரு காளைக்குப் பிறந்த கிடாரியை அதே காளைக்கு விடுவதில்லை. தேனீக்கு மட்டும் அந்த யோசனை நமக்கு வருவதில்லை. ஆகாயத்தில் நடப்பது கண்ணுக்குத் தெரியாததாலோ என்னவோ.

மலையடிவாரத்தை ஒட்டிய தோப்பாக இருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது. அங்கே மரப்பொந்து, பாறை இடுக்கு எல்லாவற்றிலும் காட்டு அடுக்குத் தேனீக் கூட்டம் இருக்கும். அந்த ஆண்கள் வந்து சேரும். சுந்தரபாண்டியபுரத்தில் வயல் திறந்த வெளி, பொந்துள்ள பழைய மரம் குறைவு. சூரியகாந்தி பூத்தால் கேரளத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு படம் எடுக்க வருகிறார்கள். காட்டுத் தேனீ அப்படி வருவதில்லை!

காலி அறை மட்டும் இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். பல தகப்பன் இல்லாத கூட்டம் மற்ற வகையிலும் சோர்ந்த கூட்டம். ஒரு பெட்டிக்குள் எல்லாப் பணித்தேனீக்கும் தாய் ஒன்று; தகப்பன் வேறு வேறு. ஒரு தகப்பனின் பிள்ளைகள் கொஞ்சம் சூடேறினாலே இறக்கையால் விசிறத் தொடங்கும். இன்னொருவனின் பிள்ளைகள் நன்றாகச் சூடேறிய பிறகுதான் தொடங்கும். இதனால் பெட்டியின் வெப்பம் ஏறாமல் இறங்காமல் சீராக இருக்கிறது. எல்லாம் ஒரே குணம் என்றால் எல்லாம் ஒன்றாக விசிறி, ஒன்றாக நிறுத்தும், வெப்பம் ஊசலாடும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆணின் விந்து செலுத்திய ராணியின் கூட்டத்தையும், 15 ஆண்களின் விந்து செலுத்திய ராணியின் கூட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பதினைந்து தகப்பன் கூட்டம் வேகமாக அடை கட்டியது, அதிகம் தீனி சேர்த்தது. ஒரே தகப்பன் கூட்டம் ஒன்றுகூட அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

நோய்க்கும் இதே கதை. 1991-92இல் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் வந்து தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தில் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துபோனது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டத்துப் பெட்டிகளெல்லாம் காலியாகக் கிடந்தன. மறுபடி தொழில் எழுந்தது, தப்பிப் பிழைத்த கொஞ்சம் கூட்டங்களிலிருந்துதான். எந்தத் தகப்பனின் பிள்ளை எந்த நோயைத் தாங்கும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. ராணிக்கும் தெரியாது. அதனால்தான் எல்லாரிடமும் கொஞ்சம் எடுத்துவைக்கிறது.

பூச்சி உலகத்தில் எல்லாப் பெண்ணும் இதே காரணத்துக்காகப் பலரோடு சேர்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் ஆண் மலடாக இருந்தால் இருக்கட்டும் என்று சேர்வது உண்டு. விந்தோடு சேர்த்து ஆண் கொடுக்கும் சத்துக்காகச் சேர்வது உண்டு. விரட்டிவரும் ஆணோடு போராடுவதைவிடச் சேர்ந்துவிடுவது மேல் என்று சேர்வதும் உண்டு. ஆண் இதற்குச் சும்மா இருப்பதில்லை. நெல் வயலில் ஊசித்தட்டான் இரண்டு ஒன்றின் கழுத்தை ஒன்று பிடித்தபடி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இருப்பது ஆண். பெண் முட்டை வைத்து முடிக்கும்வரை இன்னொருவன் நெருங்காமல் காவல். ஊசித்தட்டானில் ஒரு வகை இன்னும் கெட்டிக்காரன்: பெண்ணிடம் ஏற்கெனவே இருக்கும் மற்றவனின் விந்தைச் சுரண்டி வெளியே எடுத்துவிட்டுத்தான் தன்னுடையதை வைக்கும். அமெரிக்காவில் வாகே என்பவர் 1979-இல் இதைக் கண்டுபிடித்தார். அது பெரிய கதை, இன்னொரு இதழில் பார்க்கலாம்.

உங்கள் பெட்டியை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன். அதனால் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மூடிய புழு உள்ள அடையில் பத்துக்குப் பத்து, நூறு அறை உள்ள ஒரு பகுதியை எடுத்து எத்தனை காலி என்று எண்ணுங்கள். ஆறு பெட்டியிலும் எண்ணுங்கள். ஐந்து, பத்து என்றால் கவலையில்லை. இருபது இருபத்தைந்து என்று எல்லாப் பெட்டியிலும் வந்தால் நான் சொன்னதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே பெட்டியில் மட்டும் இருந்தால் ராணிக்கு வயதாகியிருக்கலாம். புழு தலையைத் தூக்கிப் படகு போலச் செத்துக் கிடந்து, ஊசியால் எடுக்கும்போது தண்ணீர்ப் பை மாதிரி வந்தால் அது சாக்புரூட்; அந்தப் பெட்டியிலிருந்து எந்தச் சட்டத்தையும் வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள். மெழுகுப் பூச்சியையும் பார்த்துவிடுங்கள், பலம் குறைந்த கூட்டத்தில் அது முதலில் வந்து உட்காரும்.

காரணம் இதுதான் என்றால் மருந்து கடையில் இல்லை. வேறு ரத்தம் வேண்டும். ஆறு பெட்டியில் மிகவும் சோர்ந்த இரண்டு மூன்றை மற்றவற்றோடு சேர்த்துவிடுங்கள். காலியான பெட்டிகளுக்கு வேறு வேறு இடத்திலிருந்து, வேறு வேறு ஆளிடமிருந்து மூன்று கூட்டம் கொண்டுவாருங்கள். ஒரே ஆளிடம் மூன்று வாங்கினால், அவரும் உங்களைப் போல ஒன்றிலிருந்து பிரித்தவராக இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். மானியத்தில் வரும் பெட்டிக்கும் இதையே கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. தென்னந்தோப்பிலோ பழைய சுவர் பொந்திலோ காட்டுக் கூட்டம் கிடைத்தால் அதைப் பிடித்துப் பெட்டியில் விடுவது எல்லாவற்றிலும் நல்லது. செலவும் இல்லை.

அடுத்தது ஆண் தேனீ. பலர் ஆண் அடையைப் பார்த்ததும் தேனைத் தின்னும் சோம்பேறி என்று வெட்டிப் போடுகிறார்கள். உங்கள் நிலையில் அது கூடாது. புதிதாக வந்த கூட்டங்களில் ஆண் அடையை வளரவிடுங்கள். அடுக்குத் தேனீயின் ஆண் அறையை அடையாளம் காண்பது சுலபம்: மூடி மேடாக இருக்கும், நடுவில் ஊசிமுனை அளவு துளை இருக்கும். முட்டையிலிருந்து ஆண் வெளிவர 24 நாள், சேரும் பக்குவம் வர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள். ராணி 16 நாளில் வெளிவந்து, ஐந்தாறு நாளில் பறக்கத் தயார். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் வைத்து, புதுப் பெட்டிகளில் மூடிய ஆண் அறைகள் நிறையத் தெரிந்த பிறகே பழைய பெட்டியில் ராணியை எடுத்துவிட்டுப் புது ராணி வளர விட வேண்டும். முந்திவிட்டால் மறுபடி அண்ணன் தம்பிதான்.

இந்த வேலையை மாசி, பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். குற்றாலச் சீசன் தொடங்கி ஆனியில் சாரலும் காற்றும் வந்துவிட்டால் ராணி பறக்க நல்ல பிற்பகல் கிடைக்காது. மூன்று நாலு வாரம் பறக்க முடியாமல் போன கன்னி ராணி பிறகு சேராது. வெறும் ஆண் முட்டையாக வைத்துப் பெட்டியைக் காலி செய்துவிடும். சீசனில் கூட்டம் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

மூன்று ஏக்கருக்கு ஆறு பெட்டி சரியான கணக்குதான், எக்டேருக்கு ஐந்து என்பது பரிந்துரை. சூரியகாந்தியில் பூ வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி எட்டுப் பத்து நாள் விரியும். நடுப்பகுதி கடைசியில் விரியும்போது ஈ குறைந்தால் நீங்கள் சொன்ன பொக்குதான் வரும். போரான் சத்துக் குறையிலும் நடுவில் பொக்கு விழும், அதனால் மண் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இந்த ஆடிக்கு ஈ முழுப் பலத்துக்கு வராவிட்டால், காலை 9 முதல் 11 மணிக்குள் பக்கத்துப் பக்கத்துக் கொண்டைகளை முகத்தோடு முகம் லேசாகத் தேய்த்துவிடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து முறை. கூலி கணக்குப் பார்த்தால் வலிக்கும். பக்கத்து வயல்காரர்கள் இரண்டு மூன்று பேர் ஆளுக்கு ஒரு வேறு ஊர்க் கூட்டமாக வாங்கி வைத்தால், அத்தனை பேர் ராணிக்கும் வெளியூர் மாப்பிள்ளை கிடைக்கும்.

கேள்வி: தக்காளியில் காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து வைத்திருக்கிறேன். தினமும் அந்துப்பூச்சி விழுகிறது. காய் துளைப்பது குறையவில்லை. பொறியில் ஏமாற்று இருக்கிறதா?
- வாசகர், பாவூர்சத்திரம்

பதில்: பொறி சரியாகத்தான் வேலை செய்கிறது, அதனிடம் நாம் எதிர்பார்ப்பதுதான் அதிகம். அதில் விழுவது ஆண் மட்டும். முட்டை வைப்பது பெண். காய்ப்புழுவின் அந்துப்பூச்சியில் பெண் ஒன்றுக்கு மேற்பட்ட ஆணோடு சேரும். பெண்ணை அறுத்து உள்ளே எத்தனை விந்துப் பை இருக்கிறது என்று எண்ணி இதைக் கண்டிருக்கிறார்கள். ஆணும் ஒரே இரவில் ஓய்ந்துபோவதில்லை, பல இரவு சேரும். ஒரு கணக்குக்கு, நூறு ஆணில் எண்பதைப் பொறி பிடித்துவிட்டது என்று வையுங்கள். மீதி இருபது ஆணும் ஐந்து இரவு சேர்ந்தால் நூறு பெண்ணுக்குப் போதும். பக்கத்துத் தோட்டத்தில் சேர்ந்துவிட்டு உங்கள் தோட்டத்துக்கு முட்டை வைக்க மட்டும் வரும் பெண்ணைப் பொறி தொடவே தொடாது.

ஆணை வைத்தே ஒரு பூச்சியை ஒழித்த கதையும் உண்டு. மாட்டுப் புண்ணில் புழு வைக்கும் ஈயில் அமெரிக்காவில் ஒரு வகை. அதன் பெண் வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே முறைதான் சேரும். நிப்லிங் என்ற பூச்சியியலாளர் அதைப் பிடித்துக்கொண்டார். கதிர்வீச்சில் மலடாக்கிய ஆண் ஈக்களை விமானத்தில் கொண்டுபோய்த் தூவினார்கள். மலட்டு ஆணோடு சேர்ந்த பெண்ணுக்கு அதோடு கதை முடிந்தது. 1954-இல் கரீபியன் கடலில் உள்ள குராசாவ் தீவில் அந்த ஈயே இல்லாமல் போயிற்று. பெண் பலரோடு சேரும் பூச்சியில் இந்த வித்தை இவ்வளவு சுலபமாகப் பலிக்காது.

ஆகவே பொறியைக் காவல்காரனாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் விழும் எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கவர்ச்சிக் குப்பியை மாற்றுங்கள். எண்ணிக்கை திடீரென ஏறினால் அந்த வாரமே இலையின் மேலும் பூவிலும் முட்டை தேடுங்கள், டிரைக்கோகிரம்மா அட்டை கட்டுங்கள். முட்டை ஒட்டுண்ணி முட்டையைத்தான் தாக்கும். புழு காய்க்குள் போன பிறகு கட்டி என்ன பயன்? சிறு புழு கண்ணில் பட்டால் என்.பி.வி. வைரஸ் கரைசலைச் சாயங்காலம் தெளியுங்கள், வெயிலில் அது வீணாகிவிடும். அடுத்த நடவில் 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை உயரமான செண்டுமல்லி வையுங்கள். தக்காளி நாற்று 25 நாளும் மல்லி நாற்று 40 நாளும் ஆனதாக எடுத்து ஒரே நேரத்தில் நட்டால்தான் இரண்டும் சேர்ந்து பூக்கும். பெண் அந்துப்பூச்சி மல்லிப் பூவைத் தேடிப் போய் முட்டை வைக்கும். மல்லி பூக்கத் தாமதமானால் அது பாட்டுக்குத் தக்காளியிலேயே வைத்துவிட்டுப் போகும்.